டைகருக்கு மயக்கம் கொடுத்த நாள்

எங்கள் நாயின் பெயர் டைகர். பெண் நாய். வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டில் ஒரு மழை நாளில் என் ஜீப்புக்கு அடியில் வந்து ஒண்டிய குட்டி. சரியாகப் பார்க்காமல் ஆண் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டேன். விஷயம் தெரிந்தபோது அது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.

அப்போது நான் வெள்ளிமலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் டைகர்தான் உட்காரும். பிறகு எனக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்தன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து இறங்கி ஏற உடம்பு தாங்காது என்று நானும் என் மனைவி அம்சாவும் கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்காரர் பாஷா பாய் நல்ல மனிதர். ஆனால் நாய் மட்டும் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் ஜீப்பையும் டைகரையும் வெள்ளிமலையில் அம்சாவின் தம்பி சின்னதுரையிடம் விட்டுவிட்டு வந்தோம்.

சின்னதுரையிடமிருந்து போன் வந்த அன்று நான் டயாலிசிஸ் இல்லாத நாளின் சோர்வோடு படுத்திருந்தேன்.

"மாமா, டைகரு சோறே துன்ன மாட்டேங்குது. தண்ணி மட்டும் குடிச்சிகினே கீது."

"தண்ணி எவ்ளோ குடிக்குது?"

"குண்டான் குண்டானா குடிக்குது மாமா. குடிக்குது, ஒண்ணுக்குப் போவுது, மறுபடி வந்து குடிக்குது. வாந்தி வேற."

எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு நோய் தெரியவருவதற்கு முன்னால் எனக்கும் இப்படித்தான் இருந்தது. இரவெல்லாம் எழுந்து எழுந்து போவேன். வெயிலில் ஜீப் ஓட்டுகிற சூடு என்று நினைத்துக்கொண்டேன். இப்போது சின்னதுரை அதையே நாயைப் பற்றிச் சொல்கிறான்.

"இப்பவே கீழ இட்டாந்துடு," என்றேன்.

வீட்டில் காத்திருக்க முடியவில்லை. பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் போய் மலைப்பாதை இறங்கும் இடத்தில் நின்றேன். ஜீப் வந்தது. டைகர் முன்சீட்டில் சாக்கின் மேல் படுத்திருந்தது. என்னைப் பார்த்தால் எகிறிக் குதித்து மூஞ்சியை நக்குகிற நாய், அன்று தலையைத் தூக்கவில்லை. வால் மட்டும் சாக்கின் மேல் இரண்டு தட்டுத் தட்டியது. வயிறு பெருத்திருந்தது. பின்பக்கம் சீழ் வடிந்து நாற்றமடித்தது.

"வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துச்சி மாமா," என்றான் சின்னதுரை. "வெள்ளிமல டாக்டரு பாத்துட்டு, கர்ப்பப்பையில ஏதோ இருக்குது, கள்ளக்குறிச்சிக்கு இட்டுகினு போயி ஸ்கேன் எடுன்னாரு."

கள்ளக்குறிச்சியில் டாக்டர் மைதிலி வைத்திருக்கிற நாய், ஆடு, மாடு பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கீழே ஆஸ்பத்திரி, மேலே அவர் வீடு. வெளியே பெஞ்சில் வயிறு உப்பிய வெள்ளாட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள்.

"பேரு?"

"டைகரு."

"ஆண் நாய்."

"இல்லீங்க, பொண்ணு."

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு பல நாள் சிரிக்கவில்லை.

டாக்டர் மைதிலி ஸ்கேன் எடுத்தார். வயிற்றில் மயிரைச் சிரைத்துவிட்டு, பசை தடவி, கருவியை அங்குமிங்கும் நகர்த்தினார். திரையில் கறுப்பாகப் பெரிய பெரிய பைகள் தெரிந்தன. கர்ப்பமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

"குட்டி இல்லைங்க. இதெல்லாம் சீழ்," என்றார். "பையோமெட்ரான்னு சொல்லுவோம். கருத்தடை ஆபரேஷன் பண்ணாத பெண் நாய்ங்களுக்கு வரும். ஹீட்டுக்கு, அதாவது இணை சேர்ற பருவத்துக்கு வந்து சில வாரம் கழிச்சு கர்ப்பப்பையில கிருமி பூந்துடும். இந்தப் பையை எடுத்தே ஆகணும். விட்டா உள்ளயே உடைஞ்சுடும்."

ரத்தம் எடுத்தார்கள். அறிக்கை வரும்வரை பெஞ்சில் இருந்தோம். வேலை செய்யும் ஜவுளிக் கடையில் சொல்லிவிட்டு அம்சா வந்து சேர்ந்தாள். டாக்டர் காகிதத்தோடு வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாதிரி முகத்தை இதற்கு முன்னால் பல டாக்டர்கள் எனக்குக் காட்டியிருக்கிறார்கள்.

"கிரியேட்டினின் ஏறியிருக்குங்க," என்றார்.

சின்னதுரைக்குப் புரியவில்லை. டாக்டர் அவனுக்கு விளக்க ஆரம்பித்தார். தசையிலிருந்து வருகிற கழிவு அது. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். கிட்னி கெட்டால் ரத்தத்திலேயே தங்கும், எண் ஏறும் என்று. கர்ப்பப்பைச் சீழின் விஷம் ரத்தத்தில் கலந்து கிட்னியைத் தாக்கியிருக்கிறது, அதனால்தான் அவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்றார். எனக்கும் அம்சாவுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி புழங்குகிற வார்த்தை அது. அம்சா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா இது, இதுக்குமா?" என்றாள்.

டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். என் இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்த இடம் புடைத்திருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் மறைக்காமல் பேசினார்.

"ஆபரேஷன் எனக்குப் பயமில்லைங்க. நிறையப் பண்ணியிருக்கேன். மயக்கம் கொடுக்கறதுதான் பயம்."

"ஊசி போட்டா தூங்கிடும்தானேங்க? அதுல இன்னா பயம்?" என்றான் சின்னதுரை.

"தூங்கிடும். தூங்கும்போது பிரஷரும் இறங்கும். கிட்னி ரத்தத்தை வடிகட்டுறதே அந்த அழுத்தத்துலதான். அழுத்தம் கொஞ்ச நேரம் இறங்கினா நல்ல கிட்னி சமாளிச்சிடும். இதோடது ஏற்கெனவே அடிபட்ட கிட்னி. ரத்தம் போகாம ரொம்ப நேரம் இருந்துச்சுன்னா மிச்சம் இருக்கறதும் போயிடும்."

எனக்கு அது புத்தகப் பாடமாகக் கேட்கவில்லை. டயாலிசிஸ் மெஷினில் சில நாள் எனக்கே பிரஷர் சரிந்துவிடும். முதலில் கொட்டாவி வரும். பிறகு காது அடைக்கும், எதிரே நிற்கிற நர்ஸின் குரல் தூரத்திலிருந்து வரும், கண் இருட்டும். அவர்கள் ஓடிவந்து என் காலைத் தூக்கிவைத்து சலைன் ஏற்றுவார்கள். விழித்திருக்கிற எனக்கு அதைச் சொல்ல வாயிருக்கிறது. மயங்கிக் கிடக்கிற நாய் எப்படிச் சொல்லும்?

"கிட்னியக் காப்பாத்துற மயக்க மருந்து எதுனா இருக்குதாங்களா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படி ஒண்ணு இருக்குன்னு சொன்னா பொய்ங்க. எல்லா மயக்க மருந்தும் பிரஷரை ஏதோ ஒரு அளவுக்குத் தொந்தரவு பண்ணும். கிட்னியைக் கெடுக்காத மாதிரி பாத்துக் கொடுக்கலாம். அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு."

பிறகு விளக்கினார். சாதாரணமாகப் பல இடங்களில் ஊசியிலேயே முழு மயக்கமும் கொடுத்துவிடுவார்கள். நல்ல உடம்புள்ள நாய்க்கு அது போதும். ஆனால் அந்த ஊசிகளில் சில இதயத்துடிப்பை மந்தமாக்கும். போட்டுவிட்டால் பாதியில் குறைப்பதும் கஷ்டம், உடம்பு தானாகக் கழிக்கிற வரை காத்திருக்க வேண்டும். வாயு மயக்கம் என்று இன்னொன்று உண்டு. தொண்டையில் குழாய் விட்டு மூச்சோடு கொடுப்பது. அதுவும் பிரஷரை இறக்கும்தான். ஆனால் மெஷினில் இருக்கிற திருகைக் குறைத்தால் மூச்சு வழியாகவே சீக்கிரம் வெளியே போய்விடும். கூடவே வலி தெரியாமல் இருக்கத் தனி மருந்து கொடுத்தால் வாயு கம்மியாகவே போதும். வாயு எவ்வளவு கம்மியோ அவ்வளவு பிரஷர் நிற்கும்.

"அப்புறம், ஆபரேஷன் முடிஞ்சதும் வழக்கமாப் போடற வலி ஊசியை இதுக்குப் போட மாட்டேன். அதுல பல மருந்து கிட்னிக்குப் போற ரத்தத்தைச் சுருக்கிடும். வேற மருந்து வெச்சுத்தான் வலியைச் சமாளிக்கணும்."

நான் தலையாட்டினேன். முதுகுவலிக்கு வருஷக்கணக்கில் கடையில் வாங்கித் தின்ற மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று என் டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"வாயு மெஷின் இங்க இருக்குங்க. ஆனா அறுக்கற ஆளே மயக்கத்தையும் பாத்துக்க முடியாது. திருக்கோவிலூர்ல என் கூடப் படிச்ச டாக்டர் சுரேந்தர் இருக்கார். அவர் காலையில வந்துடுவார். அதுவரைக்கும் ட்ரிப்ஸ் போகட்டும். வாந்தியில போன தண்ணியெல்லாம் உடம்புல ஏறிடுச்சுன்னா பிரஷர் நல்லா நிக்கும்."

"அதுக்குள்ள உள்ள உடைஞ்சிட்டா?" என்று அம்சா கேட்டாள்.

"உடைஞ்சா காத்திருக்க முடியாது. நான் தனியாவே அறுப்பேன். மேலதான் இருக்கேன். மணிக்கொரு தரம் இறங்கி வந்து பாப்பேன்."

வெளியே வந்ததும் சின்னதுரை என்னை ஓரமாக இழுத்துப்போனான். அவனுக்கு வேறு ஊரில் ஒரு மாட்டு டாக்டரைத் தெரியும். போனில் பேசியும் விட்டான்.

"மாமா, இப்பவே இட்டாந்தா ஊசி போட்டு ஒடனே எடுத்துடறேன்றாரு. இவங்க இன்னாடான்னா ஆளு வரணும், தண்ணி ஏத்தணும்னுகினு கீறாங்க. ராத்திரிக்கு உள்ள வெடிச்சிடுச்சின்னா இன்னா பண்ணுவ?"

அவன் சொன்னதும் தப்பில்லை. அந்த மனிதர் செய்திருந்தால் டைகர் பிழைத்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. காத்திருந்தால் பை உடையலாம். அவசரப்பட்டால் கிட்னி போகலாம். இரண்டில் ஒன்றை நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அது தப்பாகிப்போனால் அந்த நாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அம்சாவைப் பார்த்தேன். அவள் உள்ளே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சொட்டுச் சொட்டாக இறங்குகிற ட்ரிப்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலயே பண்ணட்டும்," என்றேன்.

சின்னதுரை கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. ஜீப்பை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தி அதிலேயே படுத்துக்கொண்டான். ஏதாவது என்றால் டாக்டரை எழுப்ப ஆள் வேண்டுமாம்.

நாங்கள் வீட்டுக்கு வந்தோம். தூக்கம் வரவில்லை. போன் தலைமாட்டில் இருந்தது. அது அடிக்குமோ என்று ஒரு பயம். அடிக்காமலே இருந்தால் சின்னதுரை தூங்கிவிட்டானோ என்று இன்னொரு பயம்.

போன் அடிக்கவில்லை. காலையில் அம்சா குளித்துவிட்டு வந்து என் பையை எடுத்து வைத்தாள். அதில் என் போர்வை, டயாலிசிஸ் அட்டை, பிஸ்கெட். அன்று எனக்கு டயாலிசிஸ் நாள். நேற்றிலிருந்து அது என் நினைவிலேயே இல்லை.

"நான் இன்னிக்குப் போவல," என்றேன். "நாளிக்குப் போறேன்."

"நாளிக்கு எடம் குடுப்பாங்களா? போன தடவ ஒரு நாள் தள்ளிப்போட்டு மூச்சு வுட முடியாம ஆனது மறந்துடுச்சா?"

"அது அங்க மயக்கத்துல கெடக்கும்போது நான் இங்கப் போயி படுத்துக்கணுமா?"

அம்சா பையைக் கீழே வைத்தாள். "நீங்க போவலன்னா, ஆபரேஷனே வாணாம்னு டாக்டராண்ட சொல்லிட்டு நாயத் தூக்கிகினு வந்துடுவேன். ரெண்டு பேர எழந்துட்டு நான் இன்னா பண்ணுவேன்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன்.

போகிற வழியில் டைகரைப் பார்த்தோம். சுரேந்தர் வந்துவிட்டிருந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் டைகரின் முன்னங்காலில் நாய்களுக்கான சின்னப் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் டைகரின் தலையில் கை வைத்தேன். அது என் இடது கையை முகர்ந்தது. நான் சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் கையில் இரண்டு ஊசி குத்தி மெஷினில் மாட்டினார்கள். இனி நான்கு மணி நேரம் அசைய முடியாது. வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டேன். அம்சாவிடமிருந்து போன் வந்தது. கிசுகிசுப்பாகப் பேசினாள். ஆபரேஷன் அறைக் கதவில் சின்னக் கண்ணாடி இருக்கிறது, அது வழியாகப் பார்க்கிறாளாம்.

"வெள்ள மருந்து, பாலு மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தனாங்க. அப்படியே தலைய சாச்சிடுச்சி. தொண்டையில கொழா வுட்டுட்டாங்க. திருக்கோவிலூரு டாக்டரு தலமாட்டுல ஸ்டூலப் போட்டு குந்திகினு கீறாரு. வயித்தப் பாக்கவே மாட்டேங்கறாரு, மெஷினையே பாக்கறாரு."

"அவரு பாக்க வேண்டியது அதத்தான்," என்றேன்.

போன் வைத்தாள். என் ரத்தம் குழாயில் போய்ச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மறுபடி போன்.

"ஏங்க, உள்ள இன்னாமோ ஆயிடுச்சிங்க."

"இன்னா?"

"அந்தம்மா கைய எடுத்துட்டு நிக்கறாங்க. ஒண்ணும் பண்ணாம நிக்கறாங்க. அவரு எழுந்து எதையோ திருவறாரு. இருங்க, நான்..."

கட் ஆகிவிட்டது. திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சின்னதுரையைக் கூப்பிட்டேன். அவனும் எடுக்கவில்லை. எனக்குத் தெரியும், ஆபரேஷன் நடக்கும்போது டாக்டர் கையை எடுத்துவிட்டு நின்றால் என்ன அர்த்தம் என்று. முடிந்துவிட்டது என்று அர்த்தம். மெஷின் கீச்சிட்டது. நர்ஸ் வந்து பார்த்தார்.

"அண்ணா, உங்க பிரஷர் ஏறிக்கினே போவுது. போன வைங்க மொதல்ல. வூட்ல எதுனா பிரச்சினையா?"

"நாய்க்கு ஆபரேஷன்மா."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்று என் தோளில் கை வைத்தபடி மெஷினைச் சரிசெய்தார். பக்கத்துக் கட்டிலில் ரிஷிவந்தியத்துக்காரர் ஒருவர், எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவர், அன்று வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியாது. ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடலாம் என்று ஒரு முறை நினைத்தேன். என் கால்கள் என்னை வாசல்வரைகூடக் கொண்டுபோயிருக்காது.

போன் அடித்தது. நர்ஸே எடுத்துக் காதில் வைத்தார்.

"முடிஞ்சிடுச்சிங்க. தையல் போட்டுகினு கீறாங்க. மூச்சு வுடுதுங்க. வயிறு ஏறி எறங்கறத நானே பாத்தேன்," என்றாள் அம்சா. அப்போதுதான் அழுதாள்.

டயாலிசிஸ் முடிந்து நேராக அங்கேதான் போனேன். சின்னதுரை என்னைக் கைத்தாங்கலாக ஜீப்பிலிருந்து இறக்கினான். என்ன நடந்தது என்று சுரேந்தர் சொன்னார். சீழ் நிரம்பிய பையை வயிற்றிலிருந்து தூக்கிய நேரத்தில் பிரஷர் சட்டென்று விழுந்திருக்கிறது. உடனே மைதிலியை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாயுவைக் குறைத்து, திரவத்தை வேகமாக ஏற்றி, ரத்தக்குழாயை இறுக்குகிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார். பிரஷர் ஏறி நிற்கிறவரை மைதிலி கையை அசைக்காமல் நின்றிருக்கிறார். பிறகுதான் மிச்சத்தை வெட்டியெடுத்தார்கள்.

"ஊசி மயக்கம்னா குறைச்சிருக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"கஷ்டங்க. இதுல திருகு நம்ம கையில இருந்துச்சு. ஆனா கொஞ்ச நேரம் பிரஷர் கீழதான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கிட்னி அதைத் தாங்குச்சா இல்லையான்னு ஒண்ணு சொல்லும்." கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பையைக் காட்டினார்.

டைகருக்கு மூத்திரக் குழாய் விட்டு, அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்கள். பை காலியாக இருந்தது.

டைகர் கண் திறந்தும் திறக்காமலும் கிடந்தது. நாக்கு வெளுத்து ஓரமாகத் தொங்கியது. நான் தரையில் பாய் போட்டு அந்தப் பைக்கு எதிரே உட்கார்ந்தேன். எனக்கு மூத்திரம் வருவது நின்று நாளாகிறது. வந்துகொண்டிருக்கிறபோது அதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. நின்ற பிறகுதான், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அளந்து கொடுக்கிறபோதுதான் அது என்ன என்று தெரியும். இந்த நாய்க்கு அந்த வாழ்க்கை வந்தால் மெஷின் போட யாரும் இல்லை. வந்தால் முடிந்தது.

சுரேந்தர் வந்து குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். அடைக்கவில்லை. திரவத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஒரேயடியாக ஏற்ற முடியாது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார். அதுவும் எனக்குத் தெரியும். திருக்கோவிலூருக்குத் திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்சா டீ வாங்கி வந்தாள். எனக்கு அரை டம்ளருக்கும் கம்மியாக ஊற்றினாள். தனக்கும் அதே அளவு ஊற்றிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். மிச்சத்தைச் சின்னதுரைக்குக் கொடுத்தாள். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"மாமா," என்றான் சின்னதுரை. "கொழாயப் பாரு."

குழாயில் மஞ்சளாக ஒரு கோடு நின்றிருந்தது. முன்பே இருந்ததோ என்று சந்தேகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அது நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. மறுபடி நகர்ந்து வந்து பையின் வாயில் தொங்கி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

அம்சா மாடிப்படியில் கத்திக்கொண்டே ஓடினாள். "டாக்டரம்மா, ஒண்ணுக்குப் போவுது! ஒண்ணுக்குப் போவுதுங்க!"

ஆனால் பயம் அதோடு போய்விடவில்லை. மறுநாள் எடுத்த ரத்தத்தில் கிரியேட்டினின் இறங்குவதற்குப் பதிலாக இன்னும் ஏறியிருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டர் மைதிலி அவசரமாகச் சொன்னார், கிட்னிக்கு விழுந்த அடி ரத்தத்தில் தெரிய நேரமாகும், இன்றைய எண் நேற்றைய கதை என்று. மூத்திரம் வருகிறது, அதுதான் முக்கியம் என்றார். நான் சரி என்றேன். நம்பவில்லை.

சில நாள் ட்ரிப்ஸ் ஓடியது, அடுத்து எடுத்த ரத்தத்தில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. பில்லும் வந்தது. சின்னதுரை ஜீப் டயருக்கு வைத்திருந்த பணமும் அம்சாவின் சீட்டுப் பணமும் சேர்ந்து அதைக் கட்டியாயிற்று. டைகர் எழுந்து நிற்க ஆரம்பித்தபோது டாக்டர், வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் தினமும் காட்ட வேண்டும், மலைக்கு அனுப்ப வேண்டாம் என்றார். நாய் வைக்க எங்களுக்கு வீடு ஏது? பாஷா பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் இரும்புக் கடையைச் சாத்திவிட்டு வந்து வாசலில் நின்று யோசித்தார்.

"வூட்டுக்குள்ள வாணாம்பா. அது எங்களுக்குச் சரிப்படாது," என்றார். "பின்னால கார் ஷெட்டு காலியாத்தானே கீது. அதுல வெச்சிக்க. ஃபேன் ஒண்ணு மாட்டச் சொல்றேன். ஒடம்பு சரியில்லாத சீவன எங்கன்னு வெரட்டுவ."

மறுநாளிலிருந்து அவர் வீட்டிலிருந்து உப்பில்லாத அரிசிக் கஞ்சி ஒரு தூக்கில் வந்தது. நாய்க்கு உப்பு ஆகாது என்று அம்சா சொல்லியிருந்தாளாம். முதல் நாள் டைகர் நான்கு நக்கு நக்கியது. பிறகு தூக்கின் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். நான் டயாலிசிஸ் முடிந்து வந்து ஷெட்டில் அதன் பக்கத்திலேயே படுப்பேன். அது தண்ணீர்ச் சட்டிக்குப் போகிறபோதெல்லாம் எத்தனை வாய் குடிக்கிறது என்று எண்ணுவேன். அம்சா அதற்காக என்னைத் திட்டுவாள்.

தையல் பிரிக்கிற அன்று கடைசி ரத்தப் பரிசோதனை. மூன்று பேரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். இந்த முறை எண் எப்படியிருந்தாலும் அதற்கு மேல் செய்ய எதுவும் மிச்சமில்லை என்று மைதிலி முன்பே சொல்லியிருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் வெளியே வந்தார்.

"இறங்கியிருக்குங்க. போன தடவை இறங்கினது மறுபடி ஏறாம நின்னிருக்கு, இப்ப இன்னும் இறங்கியிருக்கு. நார்மலுக்குப் பக்கத்துல வந்துடுச்சு."

கிட்னியில் கொஞ்சம் போனது போனதுதான், அது திரும்பாது என்றும் சொன்னார். சாகிற வரைக்கும் உப்பில்லாத சோறு, எந்நேரமும் பக்கத்தில் தண்ணீர், வலி மாத்திரை கூடவே கூடாது, அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். சின்னதுரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மிச்சம் எதுவும் என் காதில் ஏறவில்லை.

இத்தனை வருஷமாக என்னுடைய எண்ணை வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெஷினில் படுத்து எழுந்தால் இறங்கும். அடுத்த முறை போவதற்குள் பழைய இடத்துக்கு ஏறிவிடும். இறங்கி, தானாகவே இறங்கி, அங்கேயே நின்ற எண்ணை நான் அன்றுதான் கேட்டேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்," என்றேன்.

அவர் சொன்னார்.